பட்சி சொன்னதா, பழக்கம் சொன்னதா?

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம். கூடை கீழே இறங்கிய மறுநொடியே ஒரு அக்கா, "இது நேத்து மீனு" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "பாத்தாலே தெரியுதே" என்பதைத் தாண்டிப் பதில் வராது. அதே காலையில் புதுச்சேரி பஸ்ஸில் கல்லூரிப் பெண் ஒருத்தி தோழியிடம், "அந்த வேலை எனக்கு செட் ஆகாதுன்னு ஒரு இன்ட்யூஷன்டி" என்பாள். மஞ்சக்குப்பத்தில் மாடி போர்ஷனுக்கு ஆள் தேடும் வீட்டுக்காரர், வந்தவர் தெருமுனை தாண்டியதும், "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, வேணாம்" என்பார்.

மூன்றையும் எழுத்துத் தமிழில் எழுதச் சொன்னால் ஒரே சொல்லைத்தான் போடுவோம்: உள்ளுணர்வு. ஆனால் முதலாவதை நம்பிப் பணம் போடலாம். இரண்டாவதை இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். மூன்றாவது உள்ளுணர்வில் சேர்த்தியே இல்லை. ஊர், சாதி, நிறம், சட்டை, பேச்சு ஆகியவற்றைப் பார்த்து முன்பே முடிவாகிப்போன ஒன்று, நல்ல பெயர் வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒரே சொல்லுக்குள் மூன்று சரக்கு கிடப்பதுதான் இங்கே சிக்கல்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். இன்ட்யூஷன் என்பதன் வேர் லத்தீனில் 'இன்டுவேரி'. உற்றுப் பார்ப்பது என்று பொருள். அதாவது அந்தச் சொல் பிறந்த இடத்தில் மாயம் எதுவும் கிடையாது, கண் இருக்கிறது. தமிழிலும் இதற்கு இணையாகக் கண்ணிலிருந்து பிறந்த சொல் ஒன்று இருந்தது: நோட்டம். காசைக் கையில் வாங்கிப் பார்த்து நல்லதா கள்ளதா என்று தரம் சொல்வதற்கு நோட்டம் பார்ப்பது என்று பெயர். அந்தத் தொழில் செய்தவர் நோட்டக்காரர். இன்றைக்கு நோட்டம் விடுவது என்றால் திருடன் வீட்டைப் பார்த்து வைப்பது என்று ஆகிவிட்டது, அது வேறு கதை. கவனிக்க வேண்டியது ஒன்று: எவ்வளவு பழுத்த கண்ணாக இருந்தாலும், பொன் என்று வந்துவிட்டால் உரைகல்லில் ஒரு கீறல் போட்டு மாற்றுப் பார்ப்பதுதான் ஆசாரியின் வழக்கம். கண்ணின் மேல் சந்தேகம் வந்து அவர் உரசுவதில்லை. உரசுவதும் தொழிலில் ஒரு பாதி.

உள்ளுணர்வு என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. உணர்வு என்றால் இப்போது கோபம், பாசம், கண்ணீர் என்ற பக்கம் போய்விட்டது. பழைய தமிழில் உணர்தல் என்றால் அறிதல், புரிந்துகொள்ளுதல். எனவே உள்ளுணர்வு என்பதை உள்ளே நடக்கும் அறிதல் என்று எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். "எனக்குள்ள ஒரு மாதிரியா இருக்கு" என்பது உணர்ச்சி. "இந்தக் கணக்குல எங்கயோ தப்பு இருக்கு, எங்கன்னு சொல்லத் தெரியல" என்பது உள்ளுணர்வு.

இன்னொரு வழுக்கல் மொழிபெயர்ப்பில் வரும். சிக்ஸ்த் சென்ஸ் என்பதை ஆறாம் அறிவு என்று எழுதிவிடுகிறார்கள். தொல்காப்பிய மரபியலில் தொடு உணர்ச்சியிலிருந்து படிப்படியாக எண்ணிக்கொண்டு போய், ஆறாவதாக வைத்திருப்பது மனத்தை. இன்றைய பேச்சிலும் ஆறறிவு என்றால் பகுத்தறிவுதான். "ஆறறிவு இருக்கா உனக்கு" என்று திட்டும்போது யாரும் ஞானதிருஷ்டியைக் கேட்பதில்லை, யோசித்தாயா என்றுதான் கேட்கிறார்கள். பகுத்து அறிவதும் பகுக்காமல் அறிவதும் எதிரெதிர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவன் தலையில் கைவைத்துக்கொள்வான்.

பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் எழுத்துத் தமிழைவிடக் கெட்டி. பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைக் கவனித்தால் தெரியும். "தோணுது" என்பது மிக லேசானது. போகிற போக்கில் வந்த எண்ணம், பிடித்துக்கொள்ள அவசியமில்லை. "மனசுக்குப் படுது" என்றால் ஓரளவு பார்த்தாகிவிட்டது, முடிவு ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. "உறுத்துது", "நெருடுது" என்பவை கண்ணில் விழுந்த தூசும் சோற்றில் அகப்பட்ட கல்லும் செய்கிற வேலை: எல்லாம் சரியாக இருக்கிற இடத்தில் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. "மனசு கேக்கல" என்பது இரக்கமும் மனசாட்சியும் சேர்ந்தது. "வயித்தக் கலக்குது" என்பது பயம். "பட்சி சொல்லுது" என்று சொன்னால் பல்லி சத்தம், கண் துடிப்பு வரிசையில் சகுனத்தோடு கொண்டுபோய் வைக்கிறோம்.

என் கணிப்பில் இவற்றுள் அதிகம் மதிக்க வேண்டியது உறுத்தல். எதைச் செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும்.

ஆங்கிலத்தில் கட் ஃபீலிங் என்று வயிற்றில் வைக்கிறார்கள் என்பதற்காக "குடல் உணர்வு" என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் பேச்சில் வயிறு கலங்கும், எரியும், பற்றும், தீர்ப்பு சொல்லாது. அந்த வேலையை மனசுதான் செய்யும்.

இனி, எதை நம்பலாம் என்ற கேள்வி. ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞர் 1992-இல் இதைச் சுருக்கமாக முடித்துவிட்டார்: உள்ளுணர்வு என்பது அடையாளம் கண்டுகொள்வது, அவ்வளவுதான். முன்பு பார்த்த ஒன்று மறுபடி கண்ணில் படும்போது, நினைவு பெயர் சொல்லாமல் விடையை மட்டும் எடுத்து நீட்டுகிறது. தீயணைப்புக் குழுத் தலைவர்களை ஆராய்ந்த கேரி க்ளைன் உள்ளுணர்வின் பக்கம் நின்றவர்; டேனியல் கானமன் அதன் தவறுகளையே வாழ்நாள் முழுக்கத் தோண்டியவர். இருவரும் சேர்ந்து 2009-இல் எழுதிய கட்டுரையில் ஒத்துப்போன இடம் இதுதான்: பார்க்கிற விஷயத்தில் மாறாத அறிகுறிகள் இருக்க வேண்டும், அவற்றைப் பலமுறை பார்த்து, ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், மனசு எவ்வளவு அடித்துச் சொன்னாலும் அது ஊகம்தான். அடித்துச் சொல்வது தரத்துக்குச் சான்று கிடையாது.

ஏலக் கூடைக்குத் திரும்பிப் பார்த்தால் இரண்டும் இருக்கின்றன. புது மீனின் கண் உருண்டு, தெளிந்து, வெளியே தள்ளியிருக்கும். நாள்பட்ட மீனின் கண் பால் படர்ந்து உள்ளே குழிந்திருக்கும். செவுள் நல்ல சிவப்பு; பழசாக ஆக வெளிறிப் பழுப்பாகும். விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும், குழி நின்றால் பழசு. வயிறு தொளதொளத்திருந்தால் அதுவும் பழசு. வாங்கும் அக்கா இதையெல்லாம் வரிசையாகப் பார்ப்பதில்லை. பளபளப்பும் கண்ணும் ஒரே வீச்சில் சொல்லிவிடுகின்றன. தவறினால் விடை அன்றைக்கே வந்துவிடும்: அறுக்கும்போது வாடை, வாடிக்கைக்காரர் வாயில் திட்டு, மிஞ்சிய மீன் கருவாட்டுக்கு. இப்படி நூற்றுக்கணக்கான காலைகள் போன பிறகுதான் "பாத்தாலே தெரியுதே" என்ற வார்த்தைக்கு மதிப்பு வருகிறது. புதிதாக வாங்கப் போகிறவர் செவுளின் சிவப்பை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பைப் பூசவும் முடியும். கண்ணைப் பூச முடியாது. கூறு போட்டு விற்கும் இடத்தில் மேலே இருப்பதைப் பார்க்காமல் அடியிலிருந்து ஒன்றை உருவிப் பார்ப்பது நல்லது.

பண்ருட்டிப் பலா இன்னும் நல்ல பாடம், ஏனென்றால் உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாது. தட்டிப் பார்க்கிறவர் காதை மட்டும் நம்புகிறார் என்று தோன்றும். உண்மையில் அவர் தட்டுவதற்கு முன்பே பாதி முடிவு ஆகிவிட்டது. முற்றிய காயில் முட்கள் நெருக்கம் விட்டு அகன்று, கூர் மழுங்கித் தட்டையாகியிருக்கும். காம்புக்குப் பக்கத்து இலை மஞ்சளாகியிருக்கும். காம்பைக் கீறினால் பால் கெட்டியாக வடியாமல் நீர்த்துக் கொஞ்சமாக வரும். அதற்குப் பிறகுதான் தட்டு: முற்றாத காய் "டங்" என்று திருப்பி அடிக்கும், பழுக்கத் தயாரானது "தொப்" என்று உள்வாங்கும். கற்றுக்கொள்ள விரும்புகிறவர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பழத்தையும் வெட்டுவதற்கு முன் "இன்னும் 2 நாள்", "இன்றைக்கே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெட்டுவது. சொல்லாமல் வெட்டிவிட்டு "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்கிறவருக்கு 20 வருடம் ஆனாலும் காது வராது.

சமையலறையில் இதே விஷயத்துக்குக் கைப்பக்குவம் என்று பெயர். அதிரசப் பாகு எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பரவலான கணக்கு. ஆனால் எத்தனை நிமிடம் காய்ச்சுவது என்று கேட்டால் பெரியம்மா எரிச்சல்படுவார். அவர் எரிச்சல் நியாயமானது: வெல்லத்தில் ஈரம் வருடத்துக்கு வருடம், கடைக்குக் கடை மாறும், அடுப்பும் மாறும். நிமிடம் இங்கே பொய் சொல்லும். குமிழி பொய் சொல்லாது. சிறுசிறு நுரை போய்க் குமிழிகள் பெரிதாகி மெதுவாக வெடிக்கத் தொடங்கியதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுக் கூட்டிப் பார்க்க வேண்டும். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. கையில் மெத்தென்று உருண்டால் அதுதான் பதம். தட்டினால் டிக் என்று சத்தம் வந்தால் முற்றிவிட்டது, அதிரசம் கல்லாகும். முன்னதாக இறக்கினால் எண்ணெயில் பிரிந்துபோகும். ஆக, கைப்பக்குவம் என்று நாம் வியக்கிற விஷயத்துக்குள்ளேயே ஒரு கிண்ணம் தண்ணீர் உரைகல்லாக உட்கார்ந்திருக்கிறது. 40 வருடம் பாகு காய்ச்சியவரும் அந்தக் கிண்ணத்தை எடுத்து வைக்காமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.

ஆஸ்பத்திரியிலும் இது உண்டு. உலகில் பல மருத்துவமனைகளில், நோயாளி மோசமாகும்போது அவசரக் குழுவை அழைப்பதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள்: நாடித்துடிப்பு இவ்வளவுக்கு மேல், ரத்த அழுத்தம் இவ்வளவுக்குக் கீழ் என்று. அதே பட்டியலில் "செவிலியருக்குக் கவலையாக இருக்கிறது" என்பதும் ஒரு காரணமாக இருக்கும். எண் மாறுவதற்கு முன்பே மூச்சின் சத்தம், தோலின் நிறம், பேச்சின் வேகம் மாறுவதைக் கண் பிடித்துவிடும் என்பதால் அந்த வரி. வீட்டுக்கும் இதில் ஒரு தகவல் இருக்கிறது. நன்றாக இருந்தவர் திடீரென்று "எனக்கு ஏதோ ஆகப்போகுது" என்று வியர்த்துச் சொன்னால், அதைப் பட்சி சொன்னதாக நினைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. மாரடைப்பு, கடுமையான ஒவ்வாமை, பொருந்தாத ரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றில் அந்த உணர்வு ஓர் அறிகுறியாகவே மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை.

இனி, கண் நம்மை ஏமாற்றும் இடங்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது. புயலின் கண் ஓர் ஊரின் மேல் கடக்கும்போது பேய்க்காற்று திடீரென்று ஓய்ந்துவிடும். மழை நிற்கும். கதவைத் திறந்து வெளியே போகச் சொல்லும் உடம்பு. வாழ்நாள் முழுக்கப் பார்த்த மழையெல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. அதனால் மனசு பழைய விடையையே நீட்டுகிறது. கண் நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வரும், முதல் காற்றில் தளர்ந்த மரமும் கூரை ஓடும் அப்போதுதான் விழும். வானிலை அறிக்கை சொல்லும் வரை வெளியே வராதீர்கள் என்று கெஞ்சுவது இதற்காகத்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்பு, கடல் உள்வாங்கினால் மேட்டைப் பார்த்து ஓட வேண்டும் என்று இந்தக் கரையில் எந்த உடம்புக்கும் தெரிந்திருக்கவில்லை. கடலை மூச்சுக்கு மூச்சு அறிந்தவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் பார்த்ததே கிடையாது. கொண்டலும் வாடையும் கச்சானும் தோலுக்கே தெரியும் என்பது உண்மை. அதற்காகத் துறைமுகத்தில் ஏறிய புயல் கூண்டின் எண்ணைப் பார்க்காமல் இருப்பது, ஆசாரி உரைகல்லைத் தூக்கிப் போட்ட கதைதான்.

எண்கள் இன்னொரு பள்ளம். ஒரு பேனாவும் ரீஃபிலும் சேர்த்து 22 ரூபாய், பேனா ரீஃபிலைவிட 20 ரூபாய் அதிகம், ரீஃபில் எவ்வளவு? 2 என்று வாய் முந்திக்கொள்ளும். விடை 1. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மணிக்கு 40 கிலோமீட்டரில் போய், 60-இல் திரும்பினால் சராசரி 50 என்று தோன்றும். 48தான், ஏனென்றால் மெதுவாகப் போனபோது சாலையில் அதிக நேரம் இருந்தோம். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். நம்ப முடியாது, கணக்குப் போட்டால் வரும். சதவீதம், வட்டி, வாய்ப்பு என்ற மூன்றும் பேச்சில் வந்தால் உடனே காகிதத்தை எடுங்கள். தவணை வட்டி விளம்பரக்காரருக்கு இது நமக்கு முன்பே தெரியும்.

மனிதர்களை எடை போடுவதுதான் மிக மோசமான இடம், நாம் மிக நம்புகிற இடமும் அதுவே. காரணம், விடை வருவதில்லை. வீட்டுக்காரர் வேண்டாம் என்று அனுப்பியவர் நல்ல குடித்தனக்காரராக இருந்திருப்பாரா என்று அவருக்குக் கடைசி வரை தெரியப்போவதில்லை. தவறு காட்டப்படாத கண், தவறே செய்யாத கண் என்று தன்னை நினைத்துக்கொள்கிறது. திருக்குறளில் குறிப்பறிதல் என்று 2 அதிகாரங்கள் உண்டு, 71-ம் 110-ம். ஒன்று அரசனின் முகத்தை அருகிலிருந்தே பழகியவர் படிப்பது, மற்றது காதலியின் கண்ணைப் படிப்பது. இரண்டும் பழகிய முகங்கள். முன்பின் தெரியாதவரை 5 நிமிடத்தில் படித்துவிடலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் முறை ஒன்று உண்டு. 1950-களின் நடுவில் இஸ்ரேலிய ராணுவத்தில் இளம் அதிகாரியாக இருந்த கானமன், ஆட்களை நேர்காணும் முறையை மாற்றினார். ஆளைப் பற்றிப் பொதுவாக அபிப்பிராயம் சொல்லாதே, 6 குணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்றார். நேர்காணல் நடத்தியவர்கள் கோபித்துக்கொண்டதால், எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மனசுக்குப் படும் மதிப்பெண்ணையும் போடுங்கள் என்று சேர்த்தார். அந்தக் கடைசி மதிப்பெண்ணும் நன்றாகவே வேலை செய்தது. அதாவது உள்ளுணர்வைத் தொடக்கத்தில் கூப்பிட்டால் கெடுக்கும், எல்லாவற்றையும் பார்த்த பிறகு கூப்பிட்டால் உதவும். கடைக்கு உதவியாளர் எடுப்பதற்கும் வீட்டுக்குக் குடித்தனம் வைப்பதற்கும் இதே வழி போதும்: 5 கேள்வி, எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒவ்வொன்றுக்கும் 5-க்கு எத்தனை என்று அப்போதே எழுதுவது, கடைசியில்தான் மனசு.

மனை வாங்குவதில் உறுத்தலைக் கொல்லும் ஆயுதம் அவசரம். "இன்னைக்கே டோக்கன் போடலன்னா வேற பார்ட்டி முடிச்சிடுவாங்க சார்" என்ற வாக்கியம் வந்த உடனே, உறுத்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு ராத்திரி தள்ளிப்போடுங்கள். அந்த ராத்திரி வீட்டில் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து, ஒரு வருடம் கழித்து இந்த மனை தலைவலியாக முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, என்ன காரணமாக இருந்திருக்கும் என்று ஆளுக்கு 10 நிமிடம் தனித்தனியாக எழுதுங்கள். இது க்ளைன் சொன்ன வழி. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்ட உறுத்தல்கள் காகிதத்தில் இறங்கிவிடும்: பாதை யாருடையது, தாய்ப்பத்திரம் ஏன் நகலாகவே காட்டப்படுகிறது, பக்கத்து மனைகள் ஏன் காலி. மறுநாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரைகல்: 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம். கெடிலம், தென்பெண்ணை ஆற்றுப் பக்கத்து மனையாக இருந்தால் தரகரை விட்டுவிட்டு எதிர்வீட்டுப் பாட்டியிடம், "2015-ல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு ஆயா?" என்று கேட்டால் சுவரில் கையை வைத்துக் காட்டுவார்.

போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் சொல்லக் கூடாது" என்று மிரட்டுவதும் இதே உத்தி. பணம் இழந்த பலரும் "அப்பவே உறுத்துச்சு" என்கிறார்கள். உறுத்தல் வேலை செய்தது, அதைக் கேட்க நேரம் கொடுக்கவில்லை. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசலாம்.

தன் உள்ளுணர்வு எந்த விஷயத்தில் தேறும் என்று அறிய 40 பக்க நோட்டு ஒன்று போதும். விடை தெரிவதற்கு முன்பு எழுத வேண்டும்; இதுதான் உயிர், மற்றதெல்லாம் உடம்பு. ஒரு வரியில் என்ன நடக்கும் என்பது, தேதியோடு. "ஏதோ நடக்கும்" என்று எழுதினால் எப்போதும் பலிக்கும், அதனால் செல்லாது. "வெள்ளிக்கிழமைக்குள் அவர் பணம் தர மாட்டார்" என்று எழுதினால் செல்லும். அடுத்து, எத்தனை உறுதி என்று 10-க்கு ஒரு எண். அடுத்து, எதைப் பார்த்து அப்படிப் பட்டது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதலாம். பசி, தூக்கமின்மை, சண்டை ஏதாவது இருந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி. நாள் வந்ததும் சரி, தப்பு. ஒரே வகையில் 30 பதிவு சேரும் வரை கூட்டிப் பார்க்காதீர்கள். 5 பதிவில் 4 சரியானால் தலைக்கனம் வருவதைத் தவிர வேறொன்றும் வராது. கூட்டும்போது மீன், ஆள், பணம், வானிலை என்று தனித்தனியாகக் கூட்ட வேண்டும். பலருக்கு ஒரு வகையில் 10-க்கு 8-ம், இன்னொன்றில் காசு சுண்டிய கணக்கும் வரும். 9 உறுதி என்று எழுதியவற்றில் பாதி தப்பாக இருந்தால், அந்த வகையில் உங்கள் மனசு சத்தம் மட்டும்தான் போடுகிறது.

இந்த நோட்டு பெரும்பாலும் கெட்டுப்போவது மூன்றாவது வாரத்தில். தப்பானவற்றை எழுத மனசு வராது; பலித்தவை மட்டும் சேரும். கூட இருப்பவர் ஒருவர் படிக்கும்படி வைத்தால் இது குறையும்.

பயத்தையும் உள்ளுணர்வையும் பிரிக்க, பயம் சத்தமாக வரும், உள்ளுணர்வு மெதுவாக வரும் என்று ஒரு விதி உலவுகிறது. அதை நான் முழுக்க நம்ப மாட்டேன். பதற்றம் அதிகமுள்ளவருக்கு எல்லாமே சத்தமாகத்தான் வரும். அதைவிட நல்ல கேள்வி, இது எதைக் காட்டுகிறது என்பது. "மூன்றாம் பக்கத்துக் கையெழுத்து வேற மாதிரி இருக்கு" என்று ஓரிடத்தைக் காட்டினால் போய்ப் பார்க்கலாம். இடம் காட்டாமல், எந்த விஷயத்தை எடுத்தாலும் கெட்டதே நடக்கும் என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் அது உடம்புக்கு வந்த ஒன்று. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் பேசலாம்.

புதுச்சேரியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. 1910-இல் இங்கே வந்து 1950-இல் மறையும் வரை இருந்த அரவிந்தர், சிந்திக்கும் மனத்துக்கு மேலே அடுக்கிய படிகளில் ஒன்றுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார். மனம் அதைப் போலி செய்து தன் சரக்கைக் கலந்துவிடும் என்ற எச்சரிக்கையும் அவரிடம் உண்டு. பண்ருட்டிப் பக்கம் திருத்துறையூரைச் சேர்ந்த சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார், காட்சியை, அதாவது நேரடியாக அறிவதை, வாயில் (ஐம்புலன்), மானதம் (மனம்), தன்வேதனை (இன்ப துன்ப உணர்வு), யோகம் என்று நான்காகப் பிரித்தவர். ஐயமும் திரிபும் நீங்கினால்தான் காட்சி என்றும் வைத்தார். கயிறா பாம்பா என்று நிற்பது ஐயம், கயிற்றைப் பாம்பு என்றே காண்பது திரிபு. ஆசிரமத்து உரையில் வரும் உள்ளுணர்வையும் மீன் ஏலத்து உள்ளுணர்வையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாமல் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. செயலி விளம்பரத்தில் இன்ட்யூட்டிவ் என்று வந்தால் "உள்ளுணர்வு மிக்க செயலி" என்று எழுதாதீர்கள், செயலிக்கு மனசு கிடையாது. "சொல்லித் தராமலே பழகிவிடும்" என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும். கவுன்ட்டர் இன்ட்யூட்டிவ் என்பதற்கு "உள்ளுணர்வுக்கு எதிரான" என்பது சரிதான், ஆனால் கல்லைக் கடிப்பது போல இருக்கும். "கேட்டால் நம்ப முடியாது, கணக்குப் போட்டால் சரி" என்று விரித்தால் போதும். இன்ஸ்டிங்ட் என்று வரும் இடத்தில் உள்ளுணர்வு வேண்டாம், இயல்பூக்கம் என்று தனிச் சொல் இருக்கிறது. குஞ்சு பொரித்த அன்றே கோழிக்குஞ்சு கொத்துவது இயல்பூக்கம். அது யாரிடமும் கற்றதில்லை. ஏலத்து அக்கா கற்றவர்.